ஆடியில் மண்டபம் காலியாக இருக்கும்: எங்கள் புறநகரில் கூத்து நடத்திய அனுபவம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. முகூர்த்தம் இல்லாத மாதம். வாட்ச்மேன் மட்டும் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதே ஆடியில்தான் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, மைக் செட் கட்டி, இடமில்லாமல் ரோட்டை அடைத்துக் கச்சேரி வைப்போம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது. அதற்குள் ஊரிலிருந்து வரவழைத்த ஒரு தெருக்கூத்து ஜமாவை, அதாவது ஆட்டக் குழுவை, நோகடித்து அனுப்பியிருந்தோம். அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பகுதியில் யாராவது கூத்து வைக்க நினைத்தால் உதவும்.

நாங்கள் இருப்பது தாம்பரம் கிழக்கில், மாடம்பாக்கம் பக்கம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது எங்கள் பேரூராட்சியும் அதற்குள் போனது. ஊர் பெரிதாகிவிட்டது. ஆனால் சாயங்காலம் எங்கேயாவது போய் ஏதாவது பார்க்கலாம் என்றால், "நம்ம பக்கம் என்ன நடக்குது? மயிலாப்பூர்தான் போகணும்" என்பார்கள். மார்கழி சீசன் என்றால் அது உண்மைதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. டிசம்பர் கடைசியில் தொடங்கி மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கும். எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு பஸ் மாறிப் போய்விட்டு இரவு வீடு திரும்புவது லேசான காரியமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை போனாலே பெரிது.

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம். ஆசிரியை வேலைக்காக இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா செய்யாறு. ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப் பேர் திண்டிவனம், செஞ்சி. அடுக்குமாடிகளில் சாரம் கட்டும் மேஸ்திரிகள், இரவுக் காவல் பார்க்கும் பெரியவர்கள் என்று விசாரித்தால் பலருக்கும் வட ஆற்காடு, தென் ஆற்காடுதான் பூர்விகம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் தூங்கி வழிந்துகொண்டு கூத்துப் பார்த்தவர்கள் இவர்கள். இந்த ஊருக்குக் கூத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கேட்கும் காது இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இது எனக்குத் தெரிந்திருந்தும், முதல் வருஷம் அவர்களை மனதில் வைத்து நாங்கள் எதையும் செய்யவில்லை.

முதல் வருஷம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் கூத்து வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். அப்புறம் அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. குழந்தைகளின் நடனம், மெல்லிசை, பரிசளிப்பு, சிறப்பு விருந்தினர்கள் நான்கு பேர். கூத்துக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கினோம். ஆறு அடி உயரத்தில் பிளைவுட் மேடை, மேலே சுற்றிச் சுழலும் எல்.இ.டி. விளக்கு. பதினாலு பேர் கொண்ட ஜமா மத்தியானம் மூன்று மணிக்கே வந்து இறங்கியது. அரிதாரம் பூச அவர்களுக்கு நாங்கள் கொடுத்த இடம் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த சந்து.

கட்டை வேஷம் கட்டியவர் படி ஏறும்போதே முதல் தப்பு தெரிந்தது. தலையில் பெரிய கிரீடம், இரண்டு தோளிலும் இறக்கை மாதிரி விரியும் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. எங்கள் மேடைப்படி ஓர் ஆள் நேராக ஏறும் அகலம்தான். புஜக்கட்டை கம்பியில் இடித்து ஓரம் பெயர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே விழுந்த துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போனார்.

மேடையில் கிறுகி, அதாவது சுற்றிச் சுழன்று, ஆடினால் பிளைவுட் தடதடவென்று அதிர்ந்து சலங்கைச் சத்தத்தை விழுங்கியது. சட்டையில் மாட்டும் கார்ட்லெஸ் மைக் மார்ப்பதக்கத்தில் உரசி, பாட்டு வர வேண்டிய இடத்தில் கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. நீல விளக்கு சுற்றி வந்தபோதெல்லாம் துரியோதனனின் சிவப்பு முகம் கறுத்துப் போனது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில், விருந்தினர் கிளம்ப வேண்டும் என்று சொல்லி "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள்" என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார், ஜமாவை நடத்துபவர், அதைப் படித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். மங்களம் பாடி முடித்துவிட்டார். பூக்கார அக்கா கடையை மூடிவிட்டு ஒன்பது மணிக்கு ஓடிவந்தபோது மேடையில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "கூத்துன்னு சொன்னியேம்மா" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

அடுத்த வருஷம் நடத்துவதென்றால் நேரில் போய்ப் பேசுவது என்று முடிவு செய்தேன். முதல் வருஷம் போனிலேயே பேசி, போனிலேயே பணம் அனுப்பியிருந்தோம். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்து என்றால் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைப்பதுதான் முறை. பங்குனியிலிருந்து ஆடி முடியும்வரை அவர்களுக்கு ஓய்வே இருக்காது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதை வரிசையாக, நடக்கும் காலம் அது. அதனால் நல்ல ஜமா வேண்டுமென்றால் தை மாதத்திலேயே போய்விட வேண்டும். நாங்கள் மாசியில் போனோம், ஆடி மூன்றாவது சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போன வருஷம் நடந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவித்தேன். பிறகு, "கர்ண மோட்சம் போடுங்க ஐயா, அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை" என்றேன்.

"டீச்சரம்மா, பாரதம் நடந்தா அதுல அது தன் முறைக்கு வரும். தனியா போட்டா எங்க பக்கம் காரியத்துக்குத்தான் போடறது. அம்மனுக்குக் கூழ் ஊத்தற நாள்ல அது வேணாம். பகடை துகில் வச்சுக்குங்க."

பகடை துகில் என்றால் சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும். கர்ண மோட்சம் கர்ணன் இறக்கும் கதை, எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் கருமாதி இரவில் அதை ஆடுவார்கள். நானே அதைப் பார்த்து வளர்ந்தவள். இருந்தும் நகரத்து வழக்கத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. எந்தக் கதை, எத்தனை மணி நேரம், எங்கே சுருக்கலாம் என்பதை வாத்தியாரிடம் விட்டுவிடுவதுதான் நல்லது என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் கேட்டது ஆறு மணி நேரம். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கித்தான் இது என்றார்.

ஆறு மணி நேரம் என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக்கை அணைத்துவிட்டு ஆடலாமே என்று நினைத்தேன். விதியை எடுத்துப் படித்தால் வாத்தியங்களுக்கும் அதே தடை. மூடிய அரங்குக்குள் என்றால் விலக்கு உண்டு. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், இதய நோயாளியும் இருக்கும் தெருவில் இந்த விதி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். அதை மீறி நடத்தி, நடுவில் போலீஸ் வந்து நிறுத்தினால் மறுபடியும் அவமானப்படப்போவது கலைஞர்கள்தான்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் கோயிலுக்கு நாலு கடை தள்ளியிருக்கும் சின்ன மண்டபம் கண்ணில் பட்டது. பூட்டியிருந்தது. விசாரித்தேன். ஆடி மாதத்துக்கு என்பதால் வழக்கமான வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கே கொடுக்கச் சம்மதித்தார்கள். திட்டம் அங்கேயே முடிவாகிவிட்டது. மாலை ஏழு மணிக்குக் கோயில் முன்னால் மண் தரையில் தொடங்குவது, பத்து மணிக்கு முன்னால் மண்டபத்துக்குள் போய்விடுவது, கதவைச் சாத்திக்கொண்டு மைக் இல்லாமல் ஒரு மணிவரை ஆடுவது. வாத்தியாரிடம் போனில் சொன்னபோது, "மைக் எல்லாம் நேத்து வந்ததும்மா, தொண்டை எதுக்கு இருக்கு" என்றார்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்துக்கு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, கையொப்பமிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒலிபெருக்கி எத்தனை மணிவரை என்று தெளிவாக எழுதுங்கள். தெருவை மறிப்பதென்றால் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டும். மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்புதான், கம்பத்தில் கொக்கி போடும் பேச்சே வேண்டாம். மண்டபத்தின் இரண்டாவது கதவு பூட்டாமல் இருக்கிறதா என்று முந்தின நாளே திறந்து பாருங்கள். எங்கள் மண்டபத்தில் அதன் எதிரே பந்தி மேஜைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

விளம்பரத்தில் நான் செய்த ஒரு மாற்றம் நன்றாக வேலை செய்தது. முதல் வருஷம் பெரிய பிளெக்ஸும் வாட்ஸப்பும் மட்டும்தான். இந்த முறை பூக்கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கட்டட வேலை நடக்கும் இடங்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். எந்தக் கதை, எந்த ஊர் ஜமா என்று சொன்னால் போதும். மேஸ்திரி ஒருவர், "பெண் வேஷம் யாரு கட்டறாங்க?" என்று கேட்டார். விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. கூத்தே பார்த்திராத அடுக்குமாடிக்காரர்களுக்காகக் கதையை ஒரே பக்கத்தில் எழுதி நகல் எடுத்துக் கொடுத்தோம். என் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்து, கூத்தின்போது தங்கள் பாட்டிகளுக்கே விளக்கம் சொன்னார்கள்.

அன்று மாலை ஐந்தரைக்கு மழை பெய்தது. ஆடியில் சாயங்கால இடிமழை வரும் என்பதை எதிர்பார்த்துத் தார்ப்பாய் வைத்திருந்தோம். அரை மணி நேரத்தில் விட்டுவிட்டது. தரை சேறாகாமல் இருக்க முதல் நாளே ஒரு லோடு ஆற்று மணல் பரப்பியிருந்ததால், மழை தண்ணீர் தெளித்த மாதிரி ஆகி, ஆடுவதற்கு இன்னும் தோதாகவே இருந்தது. சிமெண்டுத் தரையிலும் கட்டாந்தரையிலும் ஆறு மணி நேரம் சலங்கையோடு குதித்தால் முழங்கால் போய்விடும். மணலுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

அரிதாரத்துக்கு இந்த முறை கோயிலை ஒட்டிய பாலர் பள்ளியின் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கியிருந்தோம். மின்விசிறி, வெள்ளை வெளிச்சம், கழிவறை, தரையில் பாய். தேங்காய் எண்ணெய் இரண்டு லிட்டர். பூசவும் அதுதான், கலைக்கவும் அதுதான். வெந்நீர் பிளாஸ்க். வேஷம் கட்டுவதற்கு முன்னால் வயிறு நிறையாத அளவுக்குச் சாப்பாடு, நடு இரவில் டீ. இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள் என்பது அவளுக்கு ஏற்கவில்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் 2020வரை பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்று ஆடினார்கள், பெண்களின் கூத்தும் இப்போது உண்டு என்று சொல்லி அவளை அரிதார அறைக்கு அழைத்துப் போனேன். திரௌபதி வேஷக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, பாதி மூடிய கண்ணோடு புருவம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே இழுப்பு, கை நடுங்கவில்லை. முந்தானை மடிப்பு நிற்கவில்லை. "பாப்பா, ஊக்கு இருக்குமா?" என்றார். இவள் வீட்டுக்கு ஓடிப்போய் எட்டு ஊக்கு எடுத்து வந்து, அவர் சொன்ன இடத்தில் குத்தினாள். குத்தி முடித்து அவர் திரும்பியபோது, இவள் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். சற்று முன்பு பேசிக்கொண்டிருந்த ஆளைக் காணோம்.

மேடை போடவில்லை. பெஞ்சில் ஆர்மோனியம், மத்தளம், முகவீணை என்ற சின்னக் குழல், தாளம். அதன் முன்னால் மணல். மூன்று பக்கமும் பாய் விரித்து, நாற்காலிகளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டோம். மைக் பந்தலிலிருந்து கயிற்றில் தொங்கியது. வெள்ளை விளக்கு மட்டும். விருந்தினர் யாரும் இல்லை, பொன்னாடையும் இல்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து எங்கள் தெருவின் குண்டும் குழியும், தண்ணீர் லாரி, குப்பை வண்டி என்று ஒன்று விடாமல் இழுத்துப் பேசியதும் அடுக்குமாடிக்காரர்களும் சிரித்துக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடியபோது, திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும் ஆடியது. அந்த இடத்தில் பெரியவர்கள் பலர் விசில் அடித்தார்கள்.

ஒன்பது ஐம்பதுக்குச் சூதாட்டம் முடிந்தது. மைக் அணைந்தது. கட்டியங்காரன் பாட்டுமில்லாமல் தாளமுமில்லாமல் முன்னால் நடக்க, வேஷக்காரர்களும் ஜனங்களும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தோம். நாலு கடை தூரம்தான். கிரீடமும் புஜக்கட்டையுமாக அவர்கள் மெடிக்கல் ஷாப்பைத் தாண்டிப் போனதைப் பார்த்து, மருந்து வாங்க வந்தவர்களும் கூடவே வந்தார்கள். பாதிப் பேர் இங்கேயே கலைந்துவிடுவார்கள் என்று நான் பயந்திருந்தேன். மண்டபத்துக்குள் கால் வைக்க இடமில்லை. முந்நூறு பேருக்குமேல் உள்ளே விட வேண்டாம் என்று வாசலில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மைக் இல்லாமல் அந்தக் குரல்களைக் கேட்டதை எப்படிச் சொல்வது! ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒரே பெட்டியிலிருந்து வரும். மண்டபத்தில் துச்சாதனன் இடப்பக்கம் உறுமினால் எல்லாத் தலையும் இடப்பக்கம் திரும்பியது. மத்தளத்தின் அதிர்வு தரை வழியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏறியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் தானாகவே நிறுத்திவிட்டார்கள், பேசினால் பாட்டு கேட்காது.

துகிலுக்கு முன்னால் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தினார். தரையில் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷக்காரரின் முன்னால் விழுந்து கும்பிட்டார். தாயே, இந்தக் கையால் உன்னைத் தொட வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள் என்ற மாதிரி பாடிவிட்டுத்தான் சேலையைத் தொட்டார். என் பக்கத்தில் இருந்த பூக்கார அக்கா எழுந்து நின்று கை கூப்பினார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். போன வருஷம் சீட்டுக் கொடுத்து நிறுத்தியது இதைத்தான் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஜமாவுக்கு 40,000 ரூபாய், வேன் தனி, மண்டபம், மணல், விளக்கு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 78,000 ஆனது. முதல் வருஷம் மேடைக்கும் எல்.இ.டி.க்கும் மட்டுமே இதைவிட அதிகம் கொடுத்திருந்தோம். கூத்துக்கு நடுவில் ஜனங்கள் கொடுக்கும் அன்பளிப்பைக் கட்டியங்காரன் பேர் சொல்லி வாழ்த்தி வாங்குவார். சங்கத்தில் ஒருவர் அது கௌரவமாக இருக்காது, தடுத்துவிடலாம் என்றார். தடுக்காதீர்கள். அது அவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையில் உள்ள பழைய பந்தம். காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி 20 ரூபாய் கொடுத்தார். முப்பது வருஷமாக இந்தப் பக்கம் இருந்தும் அவர் ஊர்ப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பேசிய தொகையை மிச்சம் வைக்காமல் அன்றிரவே, வேன் கிளம்புமுன் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஊர் போனதும் பங்கு பிரிக்க வேண்டும்.

ஒன்றேகாலுக்கு மங்களம் பாடினார்கள். மண்டபத் தூணில் ஒட்டியிருந்த சிவப்பு அரிதாரத்தைப் பசங்கள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். வேனில் பெட்டிகள் ஏறின. திரௌபதி வேஷக்காரர் லுங்கியும் பனியனுமாக, காதோரம் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்க, என் மகளைத் தேடி வந்து ஒரு பேப்பர் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"எட்டு குடுத்தியே பாப்பா. ஏழுதான் இருக்கு. ஒண்ணு உள்ள எங்கியோ விழுந்துடுச்சி. பாத்து நட, கால்ல குத்தப் போவுது."